ஆறு துளை வைத்த மதில்

நடந்தவை, வரிசைப்படி:

1. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்முற்றம், அடுக்களைப் படியிலிருந்து வாய்க்கால் கரை வரைக்கும் ஐந்தரை அடி சரிந்து கிடந்தது.

2. ஒரு பங்குனி மாதம் எங்கள் பூர்வீக ஊரான திருநெல்வேலியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டுக்குள் இடம் போதவில்லை. ஆண்களுக்குப் பின்முற்றத்தில் நாற்காலி போட்டோம்.

3. மாப்பிள்ளையின் மாமா உட்கார்ந்திருந்த நாற்காலி, அவரோடும் அவர் கையிலிருந்த சாயா கிளாஸோடும், வாய்க்காலை நோக்கிப் புறப்பட்டது.

4. அந்தச் சம்பந்தம் நின்றது.

5. அதே வாரம் எர்ணாகுளத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் எனக்கு ஓவர்சியர் வேலை கிடைத்தது. ஓணம் கழிந்து வந்து சேரச் சொன்னார்கள்.

6. அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். முற்றத்துக்கு நான் ஒரு தாங்குசுவர் கட்ட வேண்டும். அது மழைக்காலம் முழுக்க நின்றால் வேலைக்குப் போகலாம். விழுந்தால் அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள்.

7. கட்டினேன்.

8. மழை தொடங்கிய மூன்றாம் நாள் சுவருக்கு வயிறு தள்ளியது.

இவற்றில் மூன்றாவதைப் பற்றி மட்டும்தான் உறவினர்கள் இன்றுவரை விசாரிக்கிறார்கள். எனவே அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அப்பா கொச்சங்காடியில் வற்றல் மிளகாயும் சுக்கும் அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வருகிறவர்களில் மூத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, கிடங்கு ஆபீஸிலிருந்து முதலாளியின் நாற்காலியை இரவல் வாங்கி வந்தார். மெத்தை வைத்தது, சுழலக்கூடியது, அடியில் நான்கு உருளைகள். எங்கள் முற்றமோ அம்மா அப்பளம் காயப்போடுவதற்காகச் சாணி மெழுகி மெழுகிச் சிமெண்டுத் தரை மாதிரி ஆகியிருந்தது. நான் இரண்டையும் பார்த்துவிட்டு, கீழ்ப்பக்கத்து உருளைகளுக்கு முன்னால் உடைந்த ஓட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்து வைத்தேன். மாமா உட்காரும் முன் குனிந்து பார்த்தார். "என்ன, உடைஞ்ச ஓடெல்லாம் காலடியில கெடக்கு" என்று சொல்லி, செருப்புக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் பெரிய வேகம் எதுவும் இல்லை. நாற்காலி நிதானமாகத்தான் போனது. அவரும் குதித்து இறங்கப் பார்க்கவில்லை. சாயா சிந்திவிடக் கூடாது என்ற கவனத்திலேயே இருந்தார். கரையோரத் தென்னையில் மோதி நின்றபோது கிளாஸில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பெண் சிரித்துவிட்டாள் என்று காரணம் சொல்லி அனுப்பினார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தது அம்மா.

வேலைக் கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டு முறை வாசித்தார்.

"ஓவர்சியர்னா என்னட்டி வேலை?"

"கட்டுற இடத்துல நின்னு, சரியாக் கட்டுறாங்களான்னு பாக்கணும்பா."

"ஆம்பளைங்க கட்டுவாங்க. நீ பாத்துக்கிட்டு நிப்பே."

"ஆமா."

"நீ சொன்னா கேப்பாங்களா?"

"கேக்க வைக்கணும்."

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். "மூணு வருஷம் படிச்சிருக்கே. சொந்த வீட்டுல ஒரு நாற்காலி நிக்கமாட்டேங்குது. மொதல்ல இதை நிறுத்து. கல்லும் ஆளும் நான் தாரேன். இடவப்பாதி மழையைத் தாங்கி ஓணம் வரைக்கும் மதில் நின்னா, நீ எர்ணாகுளம் போ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"விழுந்தா?"

"திருநெல்வேலியில இன்னும் எத்தனையோ மாமா இருக்காங்க."

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள்: "யாரு எங்க போனாலும் எனக்கு அப்பளம் காயணும்."

அம்மாவின் நிலைமை உண்மையிலேயே மோசமாக இருந்தது. அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு அவள் அப்பளம் போட்டுக் கொடுத்துவந்தாள். சரிவில் பாய் விரித்தால், மேல் வரிசை ஒரு மணிக்குள் காய்ந்து மடங்கும். வாய்க்கால் ஈரத்தில் கீழ் வரிசை மாலை வரைக்கும் தொய்ந்து கிடக்கும். காற்று அடித்தால் பாயே இறங்கிப் போகும். எங்கள் வீட்டில் எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது இடது முழங்காலைச் சற்று மடக்கித்தான் நிற்போம். பாலிடெக்னிக்கில் முதல் வருடம், சமதரையில் நான் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு, காலில் என்ன குறை என்று ஒரு ஆசிரியர் கேட்டார்.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. எங்கள் வகுப்பில் சிவில் படித்த பெண்கள் மூன்றே பேர். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள், இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கட்டடம் எழும்பும் இடத்தில் போய் நிற்கும் வேலைக்குக் கடிதம் வந்தது எனக்கு மட்டும்தான். நோட்டுப் புத்தகத்தில் புதுப்பக்கம் திருப்பி, 'மதில்' என்று தலைப்பு எழுதி, இருபத்திரண்டு வேலைகளை வரிசைப்படுத்தினேன்.

திட்டம் எளிமையானது. வாய்க்கால் ஓரமாக முப்பதடி நீளத்துக்குக் கருங்கல் சுவர். முற்றத்தின் மேல்பாதி மண்ணை வெட்டி, சுவருக்குப் பின்னால் கீழ்பாதியில் கொட்டி நிரப்பினால் தரை சமமாகும். கொட்டிய மண் சுவரை வெளியே தள்ளும். மழைத் தண்ணீர் சேர்ந்துகொண்டால் இன்னும் பலமாகத் தள்ளும். அதற்காக இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, சுவரை நேராகக் கட்டாமல் மண் பக்கமாக மூன்று அங்குலம் சாய்த்துக் கட்டுவது. இரண்டு, சுவரின் அடிப்பக்கத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக ஆறு துளைகள் விடுவது. மண்ணில் ஊறும் தண்ணீர் அந்த வழியாக வாய்க்காலுக்கு வடிந்துவிடும்.

இந்த இரண்டு ஏற்பாடுகளும், இடக்கொச்சியிலிருந்து வந்த கல்வேலை மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. என் வரைபடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மோளே, இது மதில் நிக்குதோ, கிடக்குதோ?"

"சாய்வா நிக்குது மேஸ்திரி. மண்ணு பக்கமா மூணு அங்குலம் சாயணும்."

"சாஞ்ச மதில் ஞான் கெட்டினா பின்னே எனக்கு வேலை கிட்டுமோ? கள்ளு குடிச்சிட்டு கெட்டினான்னு ஆளுக பறையும்."

"மண்ணு தள்ளும் மேஸ்திரி. அதுக்குத்தான்."

"மண்ணு தள்ளுமோ? மண்ணுக்குக் கையுண்டோ?" பிறகு துளைகளில் விரல் வைத்தார். "இதெந்தா, ஆறு பொத்து?"

"தண்ணி போறதுக்கு."

"தண்ணி வராம இருக்க அல்லே மதில்? நீ வழி வச்சு, வா வான்னு விளிக்குது."

"உள்ளேயிருந்து வெளியே போற தண்ணி."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா, கல்லும் ஆளும் தருவதோடு சரி என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் ஆகையால், எதையும் காதில் வாங்காமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விவாதம் செய்து பயனில்லை என்று தெரிந்ததும், மூன்று அங்குலச் சாய்வுக்கு ஒரு பலகையை அறுத்துக் கொடுத்தேன். பலகையின் ஓரத்தோடு கல் பொருந்தினால் போதும், சுவர் சாய்கிறதா என்று அவர் பார்க்கவே வேண்டாம். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தால், பலகையைத் தூக்கிக் காட்டி, "எனிக்கொன்னும் அறியில்லா, இது ஓவர்சியர் மதிலாணு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். வேலையில் சேர்வதற்கு ஐந்து மாதம் முன்பே எங்கள் தெருவில் என் பெயர் ஓவர்சியர் ஆகிவிட்டது.

கல் வள்ளத்தில் வந்தது. கடல் ஏற்றத்தில் வாய்க்கால் தண்ணீர் உயர்ந்திருக்கும்போது வந்துசேர வேண்டும் என்று நேரம் எழுதிக் கொடுத்திருந்தேன். வள்ளக்காரர் வழியில் யாரோ உறவினர் வீட்டில் கப்பையும் மீனும் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு வந்தார். வள்ளம் எங்கள் தென்னைக்கு நேராகச் சேற்றில் உட்கார்ந்தது. அடுத்த ஏற்றம் வரைக்கும் அவர் எங்கள் வீட்டில் மறுபடியும் சாப்பிட்டார். மேஸ்திரி அன்று ஒரு கல்கூட வைக்கவில்லை; வள்ளக்காரரோடு உட்கார்ந்து, சாய்ந்த மதில்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சேற்றில் தென்னங்குற்றிகளை அடித்து இறக்கி, அதன்மேல் அடித்தளம் போட்டு, சித்திரை கடைசிக்குள் சுவர் நாலரை அடி எழும்பியது. துளைகளுக்குப் பின்னால் கல்சல்லி போட வைத்தேன். மண் மட்டும் குறைந்தது. என் கணக்குப்படி குறையக் கூடாது. ஆனால் அடுக்களைப் படியைச் சுற்றி நான்கடி தூரத்துக்கு யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அங்கே அவளுடைய கறிவேப்பிலை நின்றது.

"மண்ணுதானே, நான் கொண்டாரேன்" என்றார் அப்பா.

கிடங்கு முழுவதையும் கூட்டிப் பெருக்கிய மண்ணை இரண்டு நாளாகக் கைவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மண் என்று நம்பித்தான் நானும் பார்த்தேன். இடித்துக் கெட்டிப்படுத்தத் தொடங்கியதும் விஷயம் தெரிந்தது. அதில் பாதி மிளகாய்த் தூசி. மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் இருவரும் நானும் வரிசையாகத் தும்மினோம். வாய்க்காலின் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் தும்மினார்கள். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொண்டு, "ஓவர்சியரே, இது முற்றமோ மீன்கறியோ?" என்று கேட்டார். சுவருக்குப் பின்னால் நிரப்பும் மண் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்ததை அப்பாவிடம் சொன்னேன். மிளகாய் மாதிரி சுத்தமான சாமான் கிடையாது என்றார் அவர். கடைசியில் அதை மேலடுக்கில் மட்டும் பரப்பினோம். பத்து நாளில் முற்றம் முழுக்க மிளகாய்க் கன்று முளைத்தது. அம்மாவுக்கு அந்த மதிலில் முதன்முதலாகப் பிடித்த அம்சம் அதுதான்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா அந்த உருளை நாற்காலியை மறுபடியும் இரவல் வாங்கி வந்தார். முற்றத்தின் நடுவில் போட்டு, முட்டு எதுவும் இல்லாமல் உட்கார்ந்து, செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். நாற்காலி அசையவில்லை. தாளை மடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் நோட்டில் இருபத்திரண்டாவது வேலைக்கு நேராகக் குறியிட்டேன்.

அதன் பிறகு இருபத்துமூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: வீட்டாருக்குக் குறிப்பு. மதிலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எட்டு வரி அழகாக எழுதி, எல்லா நேரமும் கண்ணில் படுகிற மாதிரி அடுக்களைக் கதவில் ஒட்டினேன். முதல் வரி: ஆறு துளைகளையும் எந்தக் காரணத்தைக் கொண்டும் அடைக்கக் கூடாது. ஒட்டிவிட்டு, சான்றிதழ் வாங்குவதற்காகப் பாலிடெக்னிக் போய், கூடப் படித்தவள் வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரும்பினேன். நான் திரும்பிய மறுநாள் மழை பிடித்தது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை அடுக்களைக் கதவைத் திறந்தால், முற்றம் குளமாகியிருந்தது. சமமான முற்றம் ஆகையால் குளமும் சமமாக இருந்தது. மிளகாய்க் கன்றுகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அப்பளப் பலகை மிதந்து கறிவேப்பிலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடியவே இல்லை.

முற்றத்தில் நிற்கிற எங்களுக்குச் சுவரின் முகம் தெரியாது. வாய்க்கால் பக்கம் இறங்கினால்தான் தெரியும். ஓரத்துப் படி வழியாக இறங்கிப் பார்த்தேன். சுவர் வழுவழுவென்று, சுண்ணாம்பு அடித்து, பளிச்சென்று இருந்தது. துளைகள் இல்லை. விட மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. மேலே ஏறி வந்து நோட்டைத் திறந்தேன். பதினான்காவது வேலை, ஆறு துளைகள், என் கையால் போட்ட குறி. மறுபடி இறங்கினேன். சுவரின் நடுப்பகுதி வெளியே பிதுங்கியிருந்தது.

அக்கரை வீட்டுச் சேச்சிக்கு எங்கள் சுவரின் முகம் அடுக்களை ஜன்னல் வழியாக நாள் முழுக்கத் தெரியும். அவள் ஜன்னலில் நின்று கூப்பிட்டாள்.

"ஓவர்சியரே, மதிலுக்கு கர்ப்பமாணோ? எத்தற மாசம்?"

நான் அம்மாவைத் தேடிப் போனேன்.

"எம்மா, மதில்ல ஆறு துளை இருந்துச்சே. எங்க?"

"நண்டு வந்துச்சு."

"துளை எங்கம்மா?"

"அதைத்தானே சொல்லுதேன். ஒவ்வொரு துளையிலயும் ஒரு நண்டு குடும்பத்தோட இருந்துச்சு. ஏற்றம் வந்தா மேல ஏறி வந்து அப்பளத்துல நடக்கு. நண்டு நடந்த அப்பளத்தை எந்தக் கடையில வாங்குவான்? தேங்கா மட்டையைச் செதுக்கி அடிச்சு வச்சிட்டேன்."

"அடைக்கக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே. மொத வரியே அதுதானே."

அம்மா கதவைப் பார்த்தாள். "அது மலையாளத்துல இருக்கு."

"ஆமா."

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமாட்டி?"

மீன்காரியிடம், பால்காரரிடம், அக்கரைச் சேச்சியிடம் அம்மா மலையாளத்தில் பேசி, சண்டை போட்டு, ஜெயிப்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அவளுக்கு மலையாள எழுத்து தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தமிழ் எழுத வரும், ஆனால் மெதுவாக வரும். பள்ளிக்கூடத்திலிருந்து கை தானாக ஓடுவது மலையாளத்தில். என்னைத் தவிர மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான அப்பா, முற்றத்துக்குக்கூட முன்வாசல் வழியாகச் சுற்றித்தான் வருவார்; அடுக்களைப் பக்கம் வந்ததே கிடையாது. வாசிக்கக்கூடியவர் பார்க்காத இடத்தில், பார்க்கிறவர் வாசிக்க முடியாத எழுத்தில், எட்டு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"நீ பரீட்சைக்குப் படிக்க ஒட்டியிருக்கேன்னுல்லா நெனச்சேன்" என்றாள் அம்மா. "புகை படக் கூடாதுன்னு மேல ஒரு கண்ணாடிக் காயிதம்கூட ஒட்டி வச்சிருக்கேன், பாரு."

இருந்தது.

"சரி, மேல சாந்து பூசினது யாரு?"

"அது உங்கப்பா. அந்தச் சேச்சி ஜன்னல்ல நின்னுக்கிட்டு, மதிலுக்கு ஆறு பல்லு போச்சான்னு தெனமும் கேட்டிருக்கா. சாரம் கட்டின துளையை மேஸ்திரி அடைக்காமப் போயிட்டான், சோம்பேறின்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை இறங்கி அவரே பூசினாரு. கிடங்குல அப்படித்தான் அடைப்பாங்களாம்."

நாலரை அடிச் சுவருக்கு யாரும் சாரம் கட்டுவதில்லை. ஆனால் அதைச் சொல்ல அப்பா வீட்டில் இல்லை.

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையோடு வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் இறக்கத்தில் இருந்தது. முழங்கால் வரை சேறு. அம்மா படியில் நின்று எனக்குக் குடை பிடித்தாள். இரண்டு பேர் நனையாமல் இருக்க அந்தக் குடை போதாது. கடப்பாரை மட்டும் நனையவில்லை. அப்பாவின் பூச்சு நல்ல பூச்சு. முதல் துளையின் மேல் பூசியதைத் தட்டி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே இருந்த மட்டை மழையில் ஊறிப் பருத்து, அடைப்பதற்கென்றே செய்த சாமான் மாதிரி இறுகியிருந்தது. கடப்பாரையால் குத்தினால் நார் மட்டும் வந்தது.

"பாதாளக்கரண்டி கொண்டாரட்டுமா?" என்றாள் அம்மா.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கிக் கொத்து அது. ஒரு கொக்கியை மட்டையில் மாட்டி, கயிற்றை இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் மட்டை என் காதோரமாகப் பறந்து வாய்க்காலின் நடுவில் போய் விழுந்தது. அதன் பின்னால் செம்மண் தண்ணீர், கை பருமனுக்குப் பீறிட்டது. அக்கரையில் சேச்சி கை தட்டினாள்.

"ஒன்னு" என்று எண்ணினாள்.

மூன்றாவது முடிந்து நான்காவதில் கொக்கி மாட்டியிருந்தபோது அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். முன்பக்கத் தெருவில் தண்ணீர் நின்றதால் வாய்க்கால் ஓரமாகவே நடந்து வந்து, வெள்ளை வேட்டியை ஒரு கையிலும் குடையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு எங்களுக்கு எதிரே நின்றார்.

"என்னட்டி பண்ணுதே? அதைப் போன வாரந்தானே பூசினேன்."

"தள்ளி நில்லுங்க" என்றாள் அம்மா.

"நான் எதுக்குத் தள்ளி நிக்கணும்? என் மதில்தானே."

நான்காவது மட்டை அவர் மேல் படவில்லை. தண்ணீர் மட்டும்தான் பட்டது. வேட்டி இடுப்பிலிருந்து கீழே செம்மண் நிறமானது. அவர் அசையாமல் நின்றார். ஒரு நிமிடம் கழித்து ஒரு காலை மாற்றி நின்றார், பிறகு மறு காலை. அவர் கைவண்டியில் கொண்டுவந்த மிளகாய்த் தூசி இரண்டு நாள் மழையில் நன்றாக ஊறி இறங்கியிருந்தது.

"காந்துதா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லை" என்று சொல்லிவிட்டு, அப்பா கிணற்றடிக்கு வேகமாக நடந்தார்.

நான்கு மணிக்குள் முற்றம் வடிந்துவிட்டது. தூக்குக்குண்டை எடுத்து வந்து சுவரை அளந்தேன். சுவரின் இரண்டு ஓரங்களும் நான் கட்டியபடி மூன்று அங்குலம் உள்ளே சாய்ந்திருந்தன. நடுவில் பன்னிரண்டடி நீளம் வெளியே தள்ளப்பட்டு, சரியாக மூன்று அங்குலம் நகர்ந்திருந்தது. அதாவது, நடுப்பகுதி இப்போது நேராக நின்றது. நூல் மேலிருந்து கீழ் வரை கல்லை ஒட்டியே இறங்கியது.

மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து, உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்பழாணு இது மதிலாயது. ஞான் அன்னே பறஞ்சில்லே, நேரே வேணும்னு? மதிலுக்கே மனசிலாயி."

அக்கரைச் சேச்சியும் நடுப்பகுதிதான் அழகு என்றாள். அப்பாவும், குளித்துவிட்டு வந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். சாக்கு அடுக்கைக் கண்ணாலேயே அளக்கிற மனிதர் அவர். அந்தத் தெருவில் அது கெட்டுப்போன சுவர் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும்.

நடுப்பகுதிக்குப் பின்னால் ஊறிய மண்ணை வெட்டி எடுத்துவிட்டுக் கல் நிரப்பினோம். ஆறு துளைகளின் வாயிலும் நண்டு நுழையாத அளவுக்குக் கம்பிவலை வைத்தேன். நான் படித்த பாடத்தில் நண்டைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, தமிழில் மெதுவாக எழுதி ஒட்டினேன். அம்மா வாசித்துவிட்டு, மூன்றாவது வரியில் ஒரு எழுத்தைத் திருத்தினாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் தூக்குக்குண்டு விட்டு அளந்து எழுதினேன். ஆடி முழுக்கப் பெய்தது. சுவர் நகரவில்லை.

ஓணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா முற்றத்தைச் சுற்றி வந்தார். மதில் நின்றுகொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். நேராக நிற்கும் ஒரு சுவரைப் பார்த்து யாரும் சந்தேகப்படப் போவதில்லை, நிபந்தனையும் நிற்க வேண்டும் என்பதுதான். ஆனால் ஓவர்சியர் வேலை என்பது சுவர் நகர்ந்தால் நகர்ந்தது என்று சொல்லும் வேலை. அதைச் சொல்லாமல் அந்த வேலைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"அப்பா, மதில் விழலை. ஆனா நடுவுல மூணு அங்குலம் நகர்ந்திருக்கு. நேரா இருக்குன்னு நீங்க நெனைக்கிறது, அது வெளிய சாஞ்சதுனால. என் கணக்குல இது நின்னதுல சேராது."

அப்பா நோட்டை வாங்கி, அறுபது நாள் அளவையும் வரி வரியாகப் பார்த்தார். அம்மா அடுக்களைப் படியில் வந்து நின்றாள்.

"துளையை அடைச்சது நான்" என்றாள்.

"தெரியும்" என்றார் அப்பா.

"பூசினது நீங்க."

"அதுவும் தெரியும்."

அப்பா நோட்டை மூடினார். "கிடங்குல இருபது வரிசை சாக்கு அடுக்குறோம். ஒருநா அடுக்கு மூணு இஞ்ச் சாஞ்சிருச்சுன்னா, அடுக்கினவனை நான் கேக்கமாட்டேன். அடியில இருந்து சாக்கை உருவினவன் யாருன்னுதான் கேப்பேன்."

"அப்ப உங்களையே கேட்டுக்கோங்க" என்றாள் அம்மா.

"அதைத்தாம்ளா கேட்டுக்கிட்டிருக்கேன்." நோட்டை என்னிடம் நீட்டினார். "சாஞ்சுச்சுன்னு எழுதி வச்சிருக்கே பாரு, அறுபது நாளா. என்கிட்ட வேலை பாக்குறவன் எவனும் இதுவரைக்கும் அப்படி ஒண்ணு எழுதினதில்லை. என்னைக்கு வந்து சேரணும்னு அவங்களைக் கேட்டு ஒரு கடுதாசி போடு. தமிழ்ல போட்டுராதே, அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது."

இப்போதைய நிலவரம் இது. நான் வேலையில் சேர்ந்து நான்கு வருடமாகிறது. காலை எட்டு மணிப் படகில் எர்ணாகுளம் போகிறேன். இப்போது நான் நிற்பது மூன்றாவது கட்டடத்தில். மதில் நிற்கிறது. ஓரங்கள் சாய்வாகவும் நடுப்பகுதி நேராகவும் இருக்கின்றன. ஆறு துளைகளும் திறந்திருக்கின்றன. அப்பளம் எல்லா வரிசையும் ஒரே நேரத்தில் காய்கிறது.